இடது மட்டை

தோவாளைச் சந்தையில் பூ வண்டி ஓட்டும் சுயம்புலிங்கத்துக்குக் குடி கிடையாது, பீடி கிடையாது, சீட்டுக்கட்டைத் தொட்டதும் கிடையாது. இருந்த ஒரே கிறுக்கு பின்பால். மூட்டைகள் ஏறி முடியும் வரை டிரைவர் சீட்டில் சாய்ந்துகொண்டு, உள்ளங்கை அளவு வீடியோ கேமில், இடதும் வலதுமாக உள்ள இரண்டு மட்டைகளால் இரும்புக் குண்டைத் தட்டிக்கொண்டிருப்பார். நாற்பத்தாறு வயசில் இதென்ன கூத்து என்று பக்கத்து வண்டி ஓட்டும் சகாயம் முதல் சந்தையே சிரித்தது. சிரித்தவர்களைப் பிடித்து வைத்து அவர் பாடம் நடத்தினார். அதற்குப் பயந்தே பலரும் சிரிப்பதை விட்டுவிட்டார்கள்.

"குண்டுக்கு கனம் வேணும் கேட்டியா. பஞ்சு மாதிரி மெதந்து வந்தா அதுக்குப் பேரு வெளையாட்டா? பெறவு மேலயிருந்து கீழ வரைக்கும் ஒரே திரையில தெரியணும். குண்டு மேல போன ஒடனே கீழ உள்ள மட்டை மறைஞ்சிற்றுன்னா எவன் வெளையாடுவான்? எல்லாத்துக்கும் மேல, கை அமுக்கின ஒடனே மட்டை துள்ளணும். பிந்தித் துள்ளிச்சுன்னா சவத்தத் தூக்கி கொளத்துல எறி."

அவர் வாங்கிய முதல் கேமில் குண்டு மிதந்தது. இரண்டாவதில் மட்டை மறைந்தது. 2010ஆம் வருஷம் ஆடி மாசம் மச்சினன் விபின் துபாயிலிருந்து கொண்டுவந்த மூன்றாவதுதான் கேட்ட வரம் போல வந்து வாய்த்தது. குண்டு இடித்தால் கையில் சன்னமாக ஓர் அதிர்வு. மொத்தப் பலகையும் கண்முன்னே. மனுஷனைக் கையில் பிடிக்க முடியவில்லை.

பிறகு, இடது மட்டை பிந்த ஆரம்பித்தது.

வலது மட்டை சொன்னதைக் கேட்டது. இடது மட்டை மட்டும் குண்டு நழுவி இறங்கிய பிறகு சாவகாசமாக எழுந்தது. சுயம்புலிங்கம் விபினைத் திட்டினார், துபாயைத் திட்டினார். கடைசியில் வடசேரியில் ஷிபு என்கிற பையன் நடத்திய ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனார். ஷிபு கழற்றித் துடைத்து மாட்டி, அவர் கண்முன்னாலேயே விளையாடிக் காட்டினான்.

"அண்ணாச்சி, மட்டை பட்டு பட்டுன்னு வருகு. மெஷின்ல ஒரு கொழப்பமும் இல்ல."

"ஒனக்க கையில வருகு, எனக்க கையில வரல்லியே. நீ ஒரு ரிப்பேர்காரன்!" என்று பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

வீட்டில் அவர் மனைவி நாகம்மை வேறு சிலதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது காலிலிருந்து செருப்பு நழுவிப் பின்னால் கிடக்க, அது தெரியாமலே அவர் நடந்து வந்தார். சட்டைப் பித்தானைப் போட முன்னெல்லாம் ஆகாத நேரம் இப்போது ஆனது. ஒருநாள் அவர் குளிக்கப் போனபோது அந்தக் கேமை எடுத்து அமுக்கிப் பார்த்தாள். வாழ்நாளில் அதைத் தொட்டதில்லை அவள். இடது மட்டை படக்கென்று துள்ளியது.

"கைய மாத்திப் புடிச்சு ஒருக்கா வெளையாடிப் பாருங்களேன்" என்றாள், அவர் துவட்டிக்கொண்டு வந்ததும். "எடது கையால வலது மட்டைய அமுக்கி."

"என்னத்துக்கு?"

"கேடு மட்டையிலன்னா அங்கயேதான் இருக்கும். கையோட கூட வந்துதுன்னா..."

"நீ எப்பம்ட்டி டாக்டருக்குப் படிச்ச?" என்று கத்தினார். "ஓணம் கழியட்டு. ஆஸ்பத்திரி எங்கயும் ஓடிப்போகாது."

ஓண வாரத்தில் தோவாளைக்காரனை யாரும் நிறுத்த முடியாது. மலையாளத்து முற்றங்களில் பூக்கோலமிட வேண்டிய கேந்தியும் வாடாமல்லியும் அரளியும் மூட்டை மூட்டையாகத் திருவனந்தபுரம் போயாக வேண்டும். அந்த வாரத்தில்தான் மகள் அஞ்சலிக்கும் அங்கே நர்சிங் கல்லூரியில் இன்டர்வியூ வந்தது. பிள்ளையைப் பஸ்ஸில் அனுப்பும்படி நாகம்மை கெஞ்சினாள். சொந்த வண்டி இருக்க எனக்க பிள்ள பஸ்ஸுல தொங்கணுமா என்று அவர் எகிறினார்.

விடியும் நேரம். சந்தையில் மூட்டை ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்து சீட்டில் அஞ்சலி சர்ட்டிபிகேட்டுகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். சுயம்புலிங்கம் கேமை எடுத்தார். சாயங்காலம் போய் நாகம்மையைக் கேலி செய்ய வேண்டும் என்ற ஒரே எண்ணத்தில் கைகளைக் குறுக்கே மாற்றிப் பிடித்தார்.

வலது கை அமுக்கியது. மூன்று வாரம் மக்கர் பண்ணிய இடது மட்டை துள்ளிக் குண்டை உச்சிக்கு அனுப்பியது. குண்டு வலப்பக்கம் இறங்கியது. இடது கை அமுக்கியது. இத்தனை நாள் ஒழுங்காக இருந்த வலது மட்டை பிந்தியது. மறுபடி விளையாடினார். மறுபடியும் பிந்தியது. கேமை அணைத்து வைத்துவிட்டு மகளைப் பார்த்தார்.

"மக்கா, எறங்கு."

"ஏம்ப்பா?"

"சரக்கு வண்டியில ஆள ஏத்துனா போலீஸ் புடிக்கான். பஸ்ஸுல போ."

அவள் முகம் சுருங்கிவிட்டது. திருநெல்வேலியிலிருந்து வந்த பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி, கடைசி சீட்டில் ஏற்றிவிட்டார். நெஞ்சு லேசானது. இனி வண்டியில் இருப்பது பூதானே, போனால் போகட்டும் என்று நினைத்தார். பாவி மனுஷன், ரோட்டில் இருப்பவர்களை நினைக்கவில்லை.

வடசேரியில் அந்த பஸ் கொஞ்ச நேரம் நின்றிருக்க வேண்டும். தக்கலைக்கு முன்னால் ஓர் இறக்கத்தில் அது அவர் வண்டிக்கு நேர் முன்னே போய்க்கொண்டிருந்தது. பின்கண்ணாடியில் அஞ்சலி. அப்பாவைக் கண்டதும் கோபம் மறந்து சிரித்தாள். இரண்டு கட்டைவிரல்களையும் உயர்த்தி, பின்பால் அமுக்குவது போல ஆட்டிக் காட்டினாள்.

அவர் கியரைக் குறைக்கப் போனார். இடது கை கியர்கம்பியைத் தேடியது, கிடைக்கவில்லை. எங்கே போயிற்று இந்தக் கை என்று குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது பஸ்ஸின் சிவப்பு விளக்குகள் எரிந்தன. யாரோ இறங்க பஸ் நின்றிருந்தது. கண்ணாடி முழுக்க மகளின் முகம்.

வலது காலை அழுத்தி மிதித்தார். இடது கால் கிளட்சுக்கு வந்து சேரவே இல்லை. வண்டி குலுங்கி, விக்கி, அணைந்து நின்றது. பஸ்ஸைக் கை நீட்டித் தொட்டுவிடலாம். மேலிருந்த ஒரு மூட்டை அவிழ்ந்து கேந்திப்பூ கண்ணாடி மேல் கொட்டியது. அந்தப் பக்கம் அஞ்சலி அதையும் விளையாட்டென்று நினைத்துக் கை தட்டினாள். பஸ் கிளம்பிப் போனது.

பின்னால் ஹாரன் காதைக் கிழித்தது. சுயம்புலிங்கம் வலது கையால் சாவியை உருவினார். வலது கையாலேயே போனை எடுத்தார்.

"நாகம்மை, கேமுல ஒரு கொழப்பமும் இல்லட்டி."

 

"பிள்ள எங்க?"

"பஸ்ஸுல போறா. நல்லா இருக்கா."

"நீங்க?"

அவர் மடியில் கிடந்த இடது கையைப் பார்த்தார்.

"சகாயத்த அனுப்பு" என்றார். "வண்டி ஓட்ட ஒரு ஆளு வேணும்."