சினை வீடு

தெய்வசிகாமணி விலை பேசிய வீடு ஏழு மாதச் சினையாக இருந்தது. அதனால்தான் பதினாறரை லட்சத்துக்குப் போக வேண்டியதைப் பதினெட்டு லட்சம் சொன்னார்கள். தரகர் ராயப்பன் பின்சுவரை உள்ளங்கையால் தட்டிக் காட்டினார். சுவர் லேசாகப் புடைத்து, தொட்டால் கதகதப்பாக இருந்தது.

"ரெண்டாவது ஈத்துங்க. போன ஈத்துல ஒரு ரூமும் சமையல்கட்டுமா போட்டுச்சு. மூணாம் நாளே ஒருத்தர் வந்து ஆறு லட்சத்துக்கு ஓட்டிட்டுப் போயிட்டார்."

தெய்வசிகாமணி மஞ்சக்காட்டூரில் மூக்குக்கண்ணாடிக் கடையில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்ப்பவர். கையில் இருந்ததில் பாதி சீட்டுப் பணம், பாதி அவர் மனைவி சுகுணா மில்லை விட்டு வந்தபோது கிடைத்த பணம். ஆகவே சுகுணா கேட்டதில் நியாயம் இருந்தது.

"மாசம் ஆறாயிரம் வாடகை. வருசத்துக்கு எழுபத்திரண்டாயிரம். பதினெட்டு லட்சத்துக்கு நாலு பர்சென்ட்தான் ஆச்சு. பேங்க்ல போட்டா ஏழு. மீதி மூணை யார் தருவா?"

"குட்டி தரும்" என்றார் தெய்வசிகாமணி.

வீட்டோடு சேர்ந்து மரகதமும் வந்தாள். எட்டு வருடமாக அங்கே குடியிருந்து ஜாக்கெட் தைப்பவள். முதல் மாதமே வாடகையில் ஆயிரத்து இருநூறு குறைந்தது. வீட்டுக்கு மசக்கை இன்னும் விடவில்லை, சுண்ணாம்பு கேட்கிறது என்றாள். தினமும் ஒரு வாளி குழைத்து வாசற்படியில் வைத்தால் பொழுது விடிவதற்குள் வாளி காலி. காலையில் குழாய்கள் குமட்டும். வாய்க்கு எலுமிச்சம்பழம் தேய்த்தால்தான் தண்ணீர் நிற்கும். தெய்வசிகாமணி நோட்டில் நாலை அடித்து மூன்று புள்ளி இரண்டு என்று எழுதிக்கொண்டார். சுகுணாவிடம் காட்டவில்லை.

வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு வலி எடுத்தது. கொத்தனார் ஆறுச்சாமி வந்து சுவரை நீவிவிட்டார். மரகதம் மெஷினை நிறுத்திவிட்டு நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள். பன்னிரண்டரைக்குக் குட்டி வந்துவிட்டது. ஒரே அறை, சின்ன மொட்டைமாடி, தெய்வசிகாமணியின் இடுப்பு உயரம். கதவு ஒன்பது நாள் கழித்துத்தான் திறக்கும் என்றார் ஆறுச்சாமி. தாய்க்கு வெந்நீர் ஊற்றச் சொல்லிவிட்டுப் போனார்.

கதவு திறந்த மறுநாளே ராயப்பன் ஆள் கூட்டிவந்தார். வந்தவர் தாய் வீட்டுக்குள் போய் மரத்தின் தரம் பார்த்தார். குட்டி மரகதத்தின் தையல் மெஷினுக்குப் பின்னால் போய் நின்றது. ராயப்பன் கயிறை எடுத்ததும் தாய் வீடு எல்லாக் கதவுகளையும் சாத்திக்கொண்டது. வந்தவர் மூன்று மணி நேரம் உள்ளே இருந்தார். வெளியே வந்ததும் முன்பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

மரகதம் அப்போதுதான் வாய் திறந்தாள்.

"அடுத்தவங்க மாட்டை வாரத்துக்கு வளர்த்தா முதல் கன்னு வளர்த்தவங்களுக்குங்க. சுண்ணாம்பு குழைச்சு வச்சது நானு."

"இது ரெண்டாவது ஈத்து."

"உங்களுக்கு இதுதானுங்களே மொதலு."

தெய்வசிகாமணி கைவிட்டுப் போகும் ஆறு லட்சத்தை நோட்டில் எழுதி அடித்தார். சுகுணா குட்டியின் வாசலில் இருந்த தூசியை முந்தானையால் துடைத்தபடி, "முதல்ல பேரைப் பதியுங்க. அப்புறம் யாருதுன்னு பாக்கலாம்" என்றாள்.

மூவரும் குட்டியைக் கையைப் பிடித்து எதிர்ச்சாரியில் இருந்த பத்திரப்பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார்கள். அதிகாரி கௌசல்யா படிவத்தை எடுத்தார்.

"தகப்பனார் பேரு?"

ஒருவருக்கும் தெரியவில்லை. கௌசல்யா எட்டி வெளியே பார்த்தார். குட்டியின் ஜன்னல் கம்பியில் அரைவட்டமாக ஒரு துளை. அதன் கீழே 'சில்லறையாகக் கொடுக்கவும்' என்று பிறவியிலேயே எழுதியிருந்தது. பிறகு தம் கவுண்டரைப் பார்த்தார். அதே துளை, அதே எழுத்து. தகப்பனார் பெயர் என்ற இடத்தில் 'இவ்வலுவலகம்' என்று எழுதினார்.

"அவரை ஒரு வார்த்தை கேக்க வேண்டாங்களா?" என்றாள் மரகதம்.

"அவருக்குள்ளதானே உக்காந்திருக்கோம்" என்று கௌசல்யா முத்திரை குத்தினார்.

தகப்பன் அரசாங்கம் என்பதால் ஜீவனாம்சம் மாதம் ஐயாயிரம் என்று ஆணை வந்தது. வீடுகளுக்கு இரண்டு வயதில் மேஜர்; அதுவரை கிடைக்கும். ஜீவனாம்சம் தெய்வசிகாமணிக்கு, குட்டி மரகதத்தின் பொறுப்பில் என்று சுகுணா தீர்த்துவைத்தாள். மசக்கை நின்று வாடகையும் முழுதாக வந்தது. மாதம் பதினோராயிரம். ஏழு புள்ளி மூன்று மூன்று. தெய்வசிகாமணி அந்தப் பக்கத்தைச் சுகுணாவிடம் காட்டினார். அவள் இரண்டு முறை கூட்டிப் பார்த்துவிட்டு, "சரி" என்றாள்.

குட்டி தகப்பனைக் கொண்டு வளர்ந்தது. மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை சாத்திக்கொள்ளும். சனி, ஞாயிறு யாரையும் உள்ளே விடாது. தெய்வசிகாமணி கடை முடிந்து வரும் வழியில் அதற்கு இரண்டு கைப்பிடி மணல் வாங்கிவருவார். அந்தச் செலவை அவர் நோட்டில் எழுதுவதில்லை.

இரண்டு வயது முடிந்த வாரம் குட்டிக்கு வேலை உத்தரவு வந்தது. மலைமேல் ஓர் ஊரில் ரேஷன் கடை. மரகதம் அதன் ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை தைத்துக் கொடுத்தாள். தாய் வீடு தெருமுனை வரை வந்து நின்றுகொண்டது.

பேருந்து நிலையத்தில் சுகுணா மெல்லக் கேட்டாள்: "இனிமே நாலுதானே?"

"என்ன நாலு?" என்றார் தெய்வசிகாமணி. அவர் குட்டியின் மொட்டைமாடியில் உதிர்ந்து கிடந்த வேப்பம்பூவைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார். பிறகு படியேறி, ஜன்னலோர சீட்டாக ஒன்று வேண்டும் என்று கண்டக்டரிடம் கேட்டார்.

கண்டக்டர் குட்டியை மேலும் கீழும் பார்த்தார். "இவருக்குத்தான் சொந்தமாவே ஜன்னல் இருக்குதே" என்று சொல்லி, அதை இந்தப் பக்கம் உட்காரவைத்து, ஜன்னலோரத்தை ஒரு கர்ப்பிணிக்குக் கொடுத்தார்.