கடைசிப் பாட்டு முடிந்ததும்

போதகர் அன்றைய வசனத்தை வாசித்து முடிப்பதற்குள், கீழே இருந்த வெல்டிங் பட்டறையில் இரும்பறுக்கும் மெஷின் அலற ஆரம்பித்தது. சபை கூடும் மாடியின் ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. முன்வரிசையில் இருந்த தையல்காரம்மா காதைப் பொத்திக்கொண்டார். பின்வரிசைகள் காலியாக இருந்ததால் அங்கே யாருக்கும் தொந்தரவில்லை.

"அன்பானவர்களே," என்று போதகர் கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார். அன்பைக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது அவருக்கே அருவருப்பாக இருந்தது.

ஆறு மாதமாக இதே கூத்து. பாட்டு முடியும்வரை பட்டறை மூச்சுக் காட்டாது. இவர் வாயைத் திறந்தால் போதும், உடனே மெஷின் பிடித்துக்கொள்ளும். பட்டறைக்காரன் வேண்டுமென்றேதான் செய்கிறான் என்று அவர் முடிவு கட்டியிருந்தார். ஆனால் ஒருநாளும் இறங்கிப் போய்க் கேட்டதில்லை. இது தனக்குக் கொடுக்கப்பட்ட சிலுவை, வாய் திறக்காமல் சுமப்பதுதான் ஊழியம் என்று இருந்துவிட்டார். சுமந்தது வெளியே தெரியவில்லை. உள்ளே மட்டும் வாராவாரம் புகைந்தது.

போதாக்குறைக்கு, அன்று மாலைக்குள் மச்சானுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். சரக்குக் கிடங்கில் மேற்பார்வை வேலை பார்த்துவைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வர வேண்டும். ஒத்துக்கொண்டால் சபையை மூட வேண்டியதுதான். "நான் ஒண்ணும் சொல்லலை," என்று காலையில் மனைவி சட்டையை நீட்டியிருந்தாள். "காலரைத் திருப்பித் தைச்சாச்சு. இனிமே திருப்ப மூணாவது பக்கம் கிடையாது."

மெஷின் மறுபடி அலறியது. போதகர் வேதாகமத்தை மூடினார். "கொஞ்சம் உட்காருங்க," என்று சபையிடம் சொல்லிவிட்டு விறுவிறுவென்று படியிறங்கினார். சரி என்று மச்சானிடம் சொல்லிவிடுவது என்று பாதிப் படியிலேயே தீர்மானமாகிவிட்டது.

வெல்டர் அவரைப் பார்த்ததும் மெஷினை அணைத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"வாங்கய்யா. சாவி ஏதும் மறந்துட்டீங்களா?"

"நான் பிரசங்கம் பண்ணிக்கிட்டு இருக்கேன்."

"அதான் முடிஞ்சுபோச்சே?"

"யார் சொன்னா?"

"எல்லாரும் எழுந்து நின்னு கைதட்டிப் பாடுவீங்களே, அதானே கடைசிப் பாட்டு? அது முடியாம மெஷினைத் தொடறதில்லன்னு நீங்க வந்த நாள்லேருந்து வெச்சிருக்கேன்."

போதகருக்கு அப்போதுதான் உறைத்தது. கீபோர்டு வாசிக்கும் நர்ஸுக்கு ஆறு மாதம் முன்பு வேலை நேரம் மாறியது. அவள் சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்பதால் கடைசிப் பாட்டு உட்பட எல்லாப் பாட்டையும் பிரசங்கத்துக்கு முன்னால் கொண்டுவந்தவர் அவரேதான். அதைத் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

வெல்டர் தலையில் கைவைத்தார். "அப்போ ஆறு மாசமா உங்க பேச்சு மேலயா அறுத்துக்கிட்டிருந்தேன்? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாய்யா?"

"பொறுத்துக்கிட்டேன்."

"நல்லாப் பொறுத்தீங்க."

கேட் வாங்க வந்து ஸ்டூலில் காத்திருந்தவர் இடையில் புகுந்தார். "ஞாயித்துக்கிழமை உங்க பாட்டு முடியாம இவர் ஒரு ஆணிகூட அடிக்க மாட்டார் சார். மேல ஜெபம் நடக்குது, உட்காருங்கம்பார். பாதிப் பேர் எதிர்ப் பட்டறைக்குப் போயாச்சு."

"அது என் பாடு. நீங்க சும்மா இருங்க," என்றார் வெல்டர். பிறகு போதகரிடம், "போய்ப் பேசுங்கய்யா. முடிஞ்சதும் படியில நின்னு ஒரு குரல் குடுங்க, போதும்."

மேலே ஏறும்போது போதகரின் முகம் எரிந்தது. ஒருநாளும் இந்தப் படியேறாத மனிதர் தன் பிழைப்பை விட்டுக்கொடுத்து அவருடைய ஞாயிற்றுக்கிழமையைக் காத்துவந்திருக்கிறார். போதகரோ அதைக் கிடங்குக்குக் கொடுத்துவிடத் துணிந்திருந்தார்.

மாடியில் ஒருவரும் எழுந்து போயிருக்கவில்லை. போதகர் தாழ்ந்த குரலில் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

பட்டறையில் நடந்ததை மதியச் சாப்பாட்டின்போதே போதகர் மனைவியிடம் சொல்லியிருந்தார். மாலையில் மச்சான் போன் செய்தார்.

"ஞாயித்துக்கிழமை எனக்கு ஒழியாது மச்சான். வார நாள்ல ஏதாவது இருந்தா சொல்லுங்க, மூட்டை தூக்கவும் வரேன்."

"அந்த எட்டுப் பேருக்காகவா மாப்ளே?"

"ஆமா."

மறுமுனையில் போன் வைக்கப்பட்டது. மனைவி ஊசியில் நூல் கோத்தபடி, "அண்ணனுக்குக் கோபமா?" என்றாள்.

"கோபம்தான்."

அவள் நூலை வெடுக்கென்று இழுத்து முடிச்சுப் போட்டாள். அவளுக்கும் வருத்தம்தான் என்பது தெரிந்தது. கடைசியில் தலை நிமிராமலே சொன்னாள்:

"அடுத்த வாரம் சுருக்கமாப் பேசுங்க. அந்த மனுஷனுக்கும் பொழப்பு இருக்கு."