பாலத்தில் திரும்பியவள்

பல் டாக்டர் ஜன்னல் திரைகளை இழுத்து மூடிவிட்டு, வரவேற்பறை நடுவே இருந்த புரொஜெக்டரில் ரீலை மாட்டினார். ஞாயிற்றுக்கிழமை மதியம். அவரைப் போலவே பழைய படச்சுருள் சேகரிக்கும் நண்பர்கள் மூன்று பேர் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தார்கள். நான்காவது ஆள் நான், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன்.

"நடுவுல நிறுத்தச் சொல்லாதீங்க. பழைய பிலிம், நின்னா பல்பு சூட்டுல பொசுங்கிடும். வருஷத்துக்கு ஒரு தடவைதான் ஓட்டுறது" என்றார்.

வந்த வேகத்தில் தியேட்டரை விட்டு ஓடிய படம் அது. கதை என்று சொல்ல ஒன்றுமில்லை. பனி, பாலம், தூரத்தில் ஒரு விளக்கு. அதற்காகத்தான் இவர்கள் உயிரை விடுகிறார்கள். அந்தப் பனியைப் பற்றி டீ ஆறிப்போகும் வரை பேசுவார்கள். எனக்குச் சண்டைப் படம்தான் பிடிக்கும். இருந்தும் இரண்டு வருடமாக இவர்கள் பேச்சுக்கெல்லாம் தலையாட்டித்தான் இந்த நாற்காலியைப் பிடித்தேன்.

என் அம்மா அந்தப் படத்தில் இருக்கிறாள். ஒருநாள் கூலிக்கு, கூட்டத்தில் ஒருத்தியாக நடந்தவள். அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டாள். வீட்டில் ஒரு போட்டோகூட இல்லை. சித்திதான் சொன்னாள்: "குடை பிடிச்சுக்கிட்டுப் பாலத்துல நடந்தா. நீ என் இடுப்புல இருந்து வீல்னு கத்துன. நடக்குறதை விட்டுட்டுத் திரும்பிப் பாத்தா. டைரக்டர் திட்டப்போறாருன்னு பயந்தோம். அவரு அதையே வச்சுக்கிட்டாரு."

முகம் எப்படி இருக்கும் என்று கேட்டால், "கண்ணாடியில பாத்துக்கோடா" என்பாள். நாளெல்லாம் கண்ணாடிக்கு முன்னால்தான் எனக்குப் பிழைப்பு. என் மூஞ்சிதான் தெரிகிறது.

பாலம் வந்தது. குடை வந்தது. நாற்காலி நுனிக்கு நகர்ந்தேன். பாதிப் பாலத்தில் அவள் திரும்பினாள். அந்த நேரம் பார்த்து ஆற்றிலிருந்து பனி எழும்பி, குடைக்குக் கீழே எல்லாவற்றையும் வெள்ளையாக்கிவிட்டது. அந்தப் பனியை அள்ளி அடுப்பில் போடலாம் போல ஆத்திரம் வந்தது.

"இதுக்குத்தான் இந்தப் படம்" என்று டாக்டர் உருகினார். "மூஞ்சியே தெரியல பாருங்க. யாரைப் பாக்குறான்னும் தெரியாது."

"என்னைத்தான்" என்றேன்.

"எல்லாருக்கும் அப்படித்தான் தோணும்" என்றார், நானும் வழிக்கு வந்துவிட்ட சந்தோஷத்தில்.

அவள் மறுபடி முன்பக்கம் திரும்பி நடக்க ஆரம்பித்திருந்தாள். எழுந்து படம் விழுந்த திரையருகே போனேன். பின்னாலிருந்து யாரோ, "உக்காருங்க சார், மறைக்குது" என்றார்கள். கையை நீட்டினேன். குடை என் உள்ளங்கையில் ஏறி, விரல்களைத் தாண்டி, பாலத்தின் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.