முதல் ஜன்னல் சீட்

வாரத்துக்கு ஒரு நாள் லீவு. அந்த ஒரு நாளும் டிரைவர் வேனுக்கு முன்னால் மண்டியிட்டுக் கிடந்தான்.

வீட்டு வாசலில், ஜாக்கி மேல் ஒருக்களித்து நின்றது கம்பெனி வேன். இடது முன் சக்கரம் சுவரில் சாய்ந்திருந்தது. கம்பெனிக்குச் சொந்தமாக ஒர்க்‌ஷாப் உண்டு. அது மேனேஜர்களின் கார்களுக்கு. ஆள் ஏற்றும் வேனுக்கு டிரைவரின் வாசலே போதும்.

அவன் மனைவி பழைய பெயின்ட் டப்பாவில் மண்ணெண்ணெய் ஊற்றி, சக்கரத்திலிருந்து எடுத்த பேரிங்கை அலசிக்கொண்டிருந்தாள். அதே கம்பெனியில் அவள் தையல் பிரிவு. இதே வேனில்தான் போகிறாள், வருகிறாள். இடது பக்கம், முதல் ஜன்னல் சீட். காலடியில் ஏதோ அரைபடுகிறது என்று ஒரு மாதமாகச் சொன்னவளும் அவள்தான்.

கறுத்த கிரீஸ் கரைந்தது. அவள் கை நின்றது.

"ஏங்க, இங்க பாருங்க. நீலமா இருக்கு."

டிரைவர் வாங்கி வெயிலில் திருப்பினான். உருளைகள் சூட்டில் நீலம் பாரித்திருந்தன. இரண்டில் அம்மைத் தழும்பு மாதிரிக் குழிகள்.

"வெந்து போச்சு. புதுசுதான் போடணும்."

"போடலைன்னா?"

"ஓடும். ஓடிக்கிட்டே இருக்கும்போது ஒரு நாள் கப்புன்னு பிடிச்சுக்கும். அப்புறம் சக்கரம் ஒரு பக்கம், நாம ஒரு பக்கம்."

மேனேஜரின் கார் தெருமுனையில் நின்று ஒருவரை இறக்கிவிட்டுப் பறந்தது. சூப்பர்வைசர். ஒரு கையில் கிரீஸ் டப்பா, இன்னொரு கையில் ஃபைல். தையல் பெண்கள் அவருக்கு வைத்த பெயர் டிக் சார். எதையும் பார்க்கமாட்டார், பார்த்ததாக டிக் அடிப்பார்.

"என்னய்யா, வண்டியைப் பிரிச்சுக் கடை பரப்பிட்டே?"

"பேரிங் போயிடுச்சு சார். நீங்களே பாருங்க."

டிக் சார் குனியவில்லை. ஷூ நுனியால் பேரிங்கைத் தட்டினார்.

"உருளுதுல்ல?"

"உருளுது சார், ஆனா..."

"உருண்டா நல்ல பேரிங். கிரீஸை நல்லா அப்பு, சத்தம் அடங்கிடும். காலையில ஷிப்டுக்கு வண்டி வரணும். முடியாதுன்னா இப்பவே சொல்லிடு. ஸ்டீயரிங் பிடிக்க ஆளா இல்ல?"

டிரைவர் உள்ளங்கையில் கிரீஸை அள்ளினான். பேரிங்கின் விளிம்பால் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வழித்து அழுத்தினான். உருளைகளுக்கு நடுவே அது புழுப்புழுவாகப் பிதுங்கியது. நீலம் மறைந்தது, குழிகளும் மறைந்தன. பேரிங்கை உள்ளே பொருத்தி, நட்டை முறுக்கி, ஒரு மயிரிழை தளர்த்தி, அது கழலாதபடி பின் ஊசியைச் செருகினான். சக்கரத்தை மாட்டிச் சுற்றிவிட்டான். முனகல் மட்டும் மிச்சம்.

"பார்த்தியா? அடங்கிடுச்சு!"

ஃபைல் திறந்தது. 'முன் சக்கரம், நல்ல நிலை.' டிக்.

"இங்க ஒரு கையெழுத்துப் போடு. பொறு பொறு, கையைக் கழுவிட்டு வா. தாள் அழுக்காயிடும்."

டிரைவர் ஜாக்கியை இறக்கிவிட்டுக் கையைக் கழுவினான். போட்டான்.

டிக் சாரின் போன் அடித்தது. "சரிங்க சார்... பரவாயில்லைங்க சார்..." முகம் சுருங்கியது. மேனேஜர் வீட்டம்மா கடைக்குக் கிளம்பிவிட்டார், கார் வராது.

டிரைவரின் மனைவி எழுந்து வேன் கதவை இழுத்துத் திறந்தாள். கிரீஸ் படிந்த கையாலேயே முதல் ஜன்னல் சீட்டைத் தட்டிக் காட்டினாள்.

"ஏறுங்க சார். வண்டிதான் ரெடியாச்சே, இவரு கொண்டுபோய் விட்டுடுவாரு. என் சீட்லயே உக்காருங்க, நல்லா காத்து வரும்."

டிக் சார் சீட்டைப் பார்த்தார். அப்புறம் அதன் கீழே இருந்த சக்கரத்தைப் பார்த்தார். வந்ததிலிருந்து இப்போதுதான் முதல் தடவையாகக் குனிந்து பார்த்தார்.

"இல்ல... நடந்தா உடம்புக்கு நல்லதும்மா. டாக்டர் சொல்லியிருக்காரு."

"பஸ் ஸ்டாண்டு நாலு கிலோமீட்டர் சார். உச்சி வெயில் வேற."

"பரவாயில்ல, பரவாயில்ல."

நடந்தார். கொஞ்ச தூரம் போனதும் ஃபைலைத் தூக்கித் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டார்.

அவர் தெரு திரும்பும்வரை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மண்ணெண்ணெய்த் துணியை எடுத்துக்கொண்டு வேனுக்குள் ஏறினாள். முதல் ஜன்னல் சீட்டில் ஒட்டியிருந்த கிரீஸ் விரல் தடங்களைத் துடைக்க ஆரம்பித்தாள். காலையில் அதில் உட்கார வேண்டும்.