கேப்டன் வீட்டுச் சாவி

எதிர்வீட்டுப் பல் டாக்டர் பாய்மரப் படகு வாங்கிய நாளிலிருந்து தெருவில் அவருக்குக் கேப்டன் என்றுதான் பெயர். பல் பிடுங்குகிற கை பாயை இழுக்குமா என்று மருந்துக்கடைக்காரர் கேட்டது அவர் காதுக்கும் எட்டியது. நான்தான் போய்ச் சொன்னேன். மூன்று மாதம் கிளினிக்குக்குப் பூட்டு. மனைவி, மகன், மகள் எல்லோருமாகக் கரையை ஒட்டியே பழைய கோட்டைகளையும் கலங்கரை விளக்கங்களையும் பார்த்துக்கொண்டு போவதாக ஏற்பாடு. ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டு முதல் தேதி கிளம்பினார்கள். செடிக்குத் தண்ணீர் ஊற்ற என்னிடம் சாவி. வேறு யாரிடம் கொடுத்திருந்தாலும் எப்படியும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

ஆறாம் தேதி காலை கதவைத் திறந்தால் சமையலறையில் கெட்டில் சூடாக இருந்தது. திருடன் டீ போட்டுக் குடிப்பானா என்று யோசித்தபடி எட்டிப் பார்த்தேன். திரைகளையெல்லாம் இழுத்துவிட்டுக்கொண்டு, சாப்பாட்டு மேஜையில் கேப்டனின் மனைவி. காலடியில் கட்டிய பை. நாற்காலி முதுகில் மஞ்சள் மழைக்கோட்டு.

"சத்தம் போடாதீங்க அக்கா," என்றார். "நான் இங்க இல்ல."

கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி இரண்டாவது துறைமுகத்திலேயே இறங்கி, பஸ் ஏறி வந்து, தன்னிடமிருந்த இன்னொரு சாவியால் திறந்துகொண்டாராம். முந்தின ராத்திரி வந்ததிலிருந்து விளக்குகூடப் போடவில்லை. வயிறு சரியாகிவிட்டதா என்றேன். வயிற்றுக்கு ஒன்றுமே இல்லையாம். கிளினிக்கில் இருபது வருடமாக இவர் வாயைத் திறந்து பெயரைக் கூப்பிட்டால்தான் மற்றவர்கள் உள்ளே போய் வாயைத் திறக்க முடியும். படகிலோ கேப்டனுக்குச் சுக்கான், மகனுக்குப் பாய், மகளுக்குக் கயிறும் வரைபடமும். இவருக்கு ஒன்றுமில்லை. எங்கே உட்கார்ந்தாலும் அது யாரோ நின்று இழுக்கவேண்டிய இடம்.

"ஒரே நாள்ல எத்தனை தடவை 'அம்மா, கொஞ்சம் தள்ளு'ன்னாங்கன்னு எண்ணினேன் அக்கா. முப்பத்தொண்ணு. நல்ல பிள்ளைங்கதான். மரியாதையாத்தான் சொன்னாங்க."

பதினைந்தாம் தேதி பெரிய கோட்டைத் துறைமுகத்தில் நிறுத்தி இவரை ஏற்றிக்கொள்வதாகப் பேச்சு. பஸ்ஸில் நாலு மணி நேரம். போன் வந்ததும் கிளம்பத்தான் அந்தப் பை. அதுவரை தெருவுக்குத் தெரியக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். போயும் போயும் என்னிடம்.

நாக்கு துறுதுறுத்தது. ஆனால் அன்றிலிருந்து அந்தச் செடிகளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு வேளை தண்ணீர் தேவைப்பட்டது, வேளைக்கு ஒன்றரை மணி நேரம். என் வீட்டில் இரண்டாவது டம்ளர் அலமாரியை விட்டு இறங்கி நாளாயிற்று என்பதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மகள் அனுப்பும் படங்களைக் காட்டுவார். இடிந்த மதில், வெள்ளைப் பாய், வெயிலில் கறுத்துச் சிரிக்கும் மூன்று பேர். படகு இப்போது கொஞ்சம் விசாலமாகத் தெரிந்தது. அதை மட்டும் நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.

பதினைந்தாம் தேதி காலையிலேயே வீட்டுக்குள் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பதினொரு மணிக்குப் போன். ஸ்பீக்கரில் போட்டார், நான் போடச் சொல்லவில்லை, அவராகத்தான்.

"நல்ல காத்து இன்னிக்கு," என்றார் கேப்டன். "நிறுத்த மனசே வரல. விடியும்போதே கோட்டையைத் தாண்டிட்டோம். அடுத்த துறைமுகத்துல பார்த்துக்கலாம், நீ ரெஸ்ட் எடு."

"காத்துதானே முக்கியம். நிறுத்தாதீங்க."

பின்னாலிருந்து மகன் டார்ச் பேட்டரி எங்கே என்று கேட்டான். படுக்கைக்குக் கீழே நீல டப்பா என்று இவர்தான் சொன்னார். கிடைத்துவிட்டது. லைன் கட்டானது.

மழைக்கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பையைப் பிரித்தார். பிறகு திரைகளை ஒவ்வொன்றாக விலக்கினார். தெருவில் போய்க்கொண்டிருந்த மருந்துக்கடைக்காரர் அப்படியே நின்றுவிட்டார்.

"சாவியைக் குடுங்க அக்கா. இனிமே செடிக்கு நானே ஊத்திக்கறேன்."

கொடுத்தேன். வாசலைத் தாண்டுவதற்குள் மருந்துக்கடைக்காரர் பிடித்துக்கொண்டார். வாந்தி, தலைசுற்றல், இன்று காலைதான் வந்தார் என்றேன். இவ்வளவு சப்பென்ற செய்தியை என் வாயிலிருந்து அவர் கேட்டதே இல்லை.

மறுநாள் கேப்டனின் மனைவி செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதை என் ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது.