மூடுபனியில் போட்ட டிரை

நெவில் சக்டன் பதினாறு வருடம் கிரிம்ப்ளி ரக்பி லீக் அணிக்காக ஆடினான். ஆடினான் என்பது மரியாதைக்குச் சொல்வது. முன்வரிசையில் நின்று, பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தன்னைவிடப் பெரிய மூன்று பேர் மீது போய் விழுவதுதான் அவன் வேலை. விழுந்தான், எழுந்தான், மறுபடி விழுந்தான். மூக்கு நான்கு முறை உடைந்தது. அதில் இரண்டு சொந்த அணிக்காரர்களின் உபயம்.

எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினால் அது டிரை. நெவில் மொத்த வாழ்க்கையில் போட்டது ஒன்றே ஒன்று. எழுபத்தாறு டிசம்பரில், ஆல்ட்கிராஃப்ட் அணிக்கு எதிராக. அன்று மூடுபனியில் கோல் கம்பமே தெரியவில்லை. கோட்டைத் தாண்டி விழுந்தபோது பந்து கையிலிருந்து நழுவி எங்கோ உருண்டு போனது. தடவிக்கொண்டே ஓடிவந்தார் நடுவர்.

"போட்டியா, நெவ்?"

"போட்டேன் சார்."

வாய் கூசாமல் சொன்னான். நடுவர் விசில் ஊதினார். ஐந்து நிமிடம் கழித்து, கோட்டு நடுவரையே காணவில்லை என்று ஆட்டத்தைப் பாதியில் நிறுத்திவிட்டார்.

அன்று மைதானத்தில் அறுநூறு பேர். இன்று அந்த டிரையைக் கண்ணால் பார்த்ததாகச் சத்தியம் செய்பவர்கள் இரண்டாயிரம் பேராவது இருப்பார்கள். அவன் மனைவி டோரீனும் அதில் சேர்த்தி. அப்போது அவள் டீக்கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தாள் என்பது வேறு விஷயம். அந்தச் செய்தி வந்த பத்திரிகைத் துண்டைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தாள். பதிமூன்று வருடமாக நெவில் அதன் அடியில் உட்கார்ந்துதான் செருப்பு மாட்டுகிறான். ஒரு நாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

எண்பத்தொன்பது ஏப்ரலில் அவனுடைய நானூறாவது ஆட்டத்தைக் கிளப் கொண்டாடியது. பேண்டு வாத்தியம், கேக், ஓடாத ஒரு சுவர்க்கடிகாரம். அடுத்த செவ்வாய்க்கிழமை எட்னா ஹெப்வொர்த் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு கிளப் அறைக்கு வந்தாள். கிளப்பின் ஆட்டங்களையெல்லாம் எழுதி வைப்பவள். அவளுக்கு முன் அவள் கணவர் எழுதினார்.

"முன்னூத்தித் தொண்ணூத்தொம்பது," என்றாள். "மூடுபனி ஆட்டம் பாதியில நின்னுபோச்சு. மார்ச்ல திரும்ப ஆடினாங்க. எங்க வீட்டுக்காரர் ரெண்டையும் சேத்து எழுதிட்டாரு. அதை அடிச்சுட்டேன். டிரையும் அதோட போச்சு."

கிளப் தலைவர் ஸ்டான்லிக்கு ஊரில் மூன்று கடைகள், மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுடும் 'பை' என்ற பலகாரம் விற்பவை. கடிகாரத்தில் நானூறு என்று பொறிக்கச் சொன்னவரும் அவர்தான்.

"எட்னா, ஒனக்கு வேற வேலையே இல்லியா? யாருக்கு இது தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும்."

"பாவம்யா அந்த ஆளு! இருக்கிறதே ஒரு டிரை!"

எல்லோரும் நெவிலைத் துக்கம் விசாரிப்பதுபோலப் பார்த்தார்கள். அவனுக்கோ நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியதுபோல இருந்தது. பொய் போய்விட்டது. சீசனில் இன்னும் ஓர் ஆட்டம் பாக்கி. ஒரு டிரை, நிஜமான ஒரு டிரை போட்டுவிட்டால் போதும், அந்தக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டலாம்.

"ஞாயித்துக்கிழமை நான் ஆடுறேன்," என்றான்.

"முட்டி?" என்றார் ஸ்டான்லி.

"அதுவும் கூட வரும்."

ஞாயிறன்று வெயில் பளீரென்று அடித்தது. முப்பத்தெட்டுக்கு ஆறு என்று கிரிம்ப்ளி தோற்றுக்கொண்டிருந்ததால், நெவிலை இறக்கினால் ஒன்றும் கெட்டுப்போகாது என்று பயிற்சியாளருக்குத் தைரியம் வந்தது. கடைசிப் பதினைந்து நிமிடம் கொடுத்தார். பத்து நிமிடம் வழக்கம்போல விழுந்து எழுந்தான். அப்புறம் கோட்டுக்கு ஐந்தடி முன்னால் பந்து கைக்கு வந்தது. எதிரே ஒரு பையன்தான் இருந்தான். அவனும் நாகரிகமாக ஒதுங்கிக்கொண்டான். நெவில் பல்லைக் கடித்துக்கொண்டு பாய்ந்தான்.

பந்து நழுவியது. தரையில் படுவதற்கு ஒரு சாண் முன்னால், பட்டப்பகல் வெளிச்சத்தில், மூவாயிரம் பேர் பார்க்க நழுவி, ஸ்டான்லியின் பலகாரக் கடை விளம்பரப் பலகையில் போய் முட்டியது.

நடுவர் கையை உயர்த்தி விசில் ஊதினார். டிரை.

"சார், நழுவிடுச்சு சார்!"

"ஊதிட்டேன் நெவ். பேசாம போய் கைய ஆட்டு."

"நீங்க பாத்தீங்கல்ல?"

"நான் எங்கய்யா பாத்தேன்? கண்ணுல வெயிலு."

ஆட்டம் முடிந்ததும் நெவில் நொண்டிக்கொண்டே எட்னாவிடம் போனான். இந்த ஊரில் வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேச அவள் ஒருத்திதான் மிச்சம்.

"எழுதாதீங்கம்மா. நான் போடல."

"நடுவர் குடுத்தா எழுதுவேன், குடுக்கலன்னா எழுத மாட்டேன். என் கண்ணு பாத்ததை எழுத இந்த நோட்டுல எடமில்ல."

"பழசும் பொய்தாம்மா. அன்னிக்கும் நழுவிடுச்சு."

"தெரியும்."

நெவில் பதிவேட்டைப் பார்த்தான், அப்புறம் அவளைப் பார்த்தான்.

"அந்தப் பந்து வந்து நின்னதே எங்க வீட்டுக்காரர் காலடியிலதான். சாகுற வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடல, என்னத் தவிர. 'பாவம் எட்னா, அவன் வேற எப்பப் போடப்போறான்'னு சொல்லித்தான் அந்த ஆட்டத்தையே அடிக்காம விட்டாரு." அவள் பேனாவை மூடினாள். "நானூறு ஆட்டம், ஒரு டிரை. எழுதியாச்சு. போ, டோரீன் அழுதுட்டு நிக்கிறா பாரு."

ஒரு பொய்யை இறக்கி வைக்கத்தான் அவன் அவ்வளவு தூரம் ஓடினான். ஊரே கூடி இன்னொன்றைத் தூக்கித் தோளில் வைத்துவிட்டது, அதுவும் அன்போடு. தடுப்புக்கு அப்பால் டோரீன் மூக்கைச் சிந்திக்கொண்டு கத்தினாள்.

"நான் பாத்தேன் நெவ்! இந்த வாட்டி நெசமாவே பாத்தேன்!"

அவனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கையைத் தூக்கி ஆட்டினான்.