செத்துப்போன எலெக்ட்ரீஷியன்

எலெக்ட்ரீஷியன் செத்துப்போன செய்தி அவன் போனுக்கே வந்து சேர்ந்தது. குடும்பக் குரூப்பில் ஒரு வீடியோ. தடுப்பூசி போட்டுக்கொண்டு நாற்காலியை விட்டு எழுந்தவன், வெட்டின வாழை மாதிரி சாய்கிறான். வீடியோவை அதோடு நறுக்கிவிட்டார்கள். மாஸ்க் முகத்தை மறைத்தாலும், சட்டைப்பையில் அவனுடைய மஞ்சள் டெஸ்டர் நீட்டிக்கொண்டிருந்தது.

ஊசியைக் கண்டால் மயங்கி விழுவது அவனுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே உண்டு. அரை நிமிடத்தில் எழுந்து, நர்ஸ் கொடுத்த தண்ணீரைக் குடித்து, அன்று சாயங்காலமே இரண்டு வீட்டுக்கு ஃபேன் மாட்டினான்.

வீடியோவுக்குக் கீழே, "போட்ட இடத்திலேயே பலி. மறைக்கிறார்கள். எல்லோருக்கும் அனுப்பவும்." அனுப்பியவர் அக்கா புருஷன்.

அதைப் பார்த்ததிலிருந்து அக்கா ஊசி என்றாலே தலையை ஆட்டினாள். ஆஸ்துமாக்காரி. பக்கத்து வீட்டில் போன வாரம்தான் கொரோனாவில் மூச்சுத் திணறி ஒருவர் போய்ச் சேர்ந்தார். தடுப்பூசி முகாமோ இன்று ஐந்து மணியோடு முடிகிறது. மூன்றரைக்கெல்லாம் அவன் அக்கா வீட்டில் நின்றான்.

அக்கா தையல் மெஷினில் இருந்தாள்.

"அந்தப் பொணம் நான்தான்கா. நல்லாப் பாரு."

"நீ தப்பிச்சே. எல்லாரும் தப்பிப்பாங்களாடா?"

மாமா டிவி சத்தத்தைக் குறைத்தார். "விடு மச்சான். எனக்கு வந்துச்சு, அனுப்புனேன்."

"நான்னு தெரியும்ல?"

"தெரிஞ்சுது. விழுந்தது நெசந்தானே?"

மாமாவின் கம்பெனி அடையாள அட்டை ஆணியில் தொங்கியது. அந்தக் கம்பெனிக்கு அவன் வயரிங் வேலைக்குப் போயிருக்கிறான். தடுப்பூசிச் சான்றிதழ் காட்டாமல் வாட்ச்மேன் கேட்டைத் திறப்பதில்லை. அட்டையின் உறையைத் திருப்பினான். பின்னால் மடித்து வைத்திருந்த காகிதத்தைப் பிரித்து, அக்கா தைத்துக்கொண்டிருந்த துணிமேல் வைத்தான். இரண்டு ஊசி, இரண்டு தேதி. இரண்டாவது, அந்த வீடியோவை அனுப்புவதற்கு ஒன்பது நாள் முந்தியது.

"போடலைன்னா வேலை போயிடும்னாங்க," என்றார் மாமா.

"போட்டா எனக்கு உசுரு போயிடும்னீங்க," என்றாள் அக்கா.

கழுத்திலிருந்த டேப்பை மெஷின்மேல் எறிந்துவிட்டுச் செருப்பை மாட்டினாள். மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"நீங்க டிவி பாருங்க."

முகாம் வாசலில் அவனை நிறுத்தினாள். "உள்ளே வராதே. இன்னொரு வீடியோ வேணாம்."

அவன் வெளியே நின்றான். இரண்டு பெண்கள் கேட் வரை வந்து தயங்கினார்கள்.

"இங்கதான் ஒருத்தன் விழுந்து செத்தானாம்."

"அது நான்தாம்மா," என்று டெஸ்டரைத் தொட்டுக் காட்டினான்.

அவர்கள் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வந்த வழியே வேகமாக நடந்தார்கள். மணி நாலே முக்கால்.